கல்யாணக் கணக்கு டூல்: மாசக் கட்டணமா, ஒரே கட்டணமா, கமிஷனா?

வாசகர் ஒருவர், 13 ஜூலை 2025

கல்யாணத்துக்கு எட்டு லட்சம், பத்து லட்சம் செலவு பண்றவங்க கணக்கு எழுதுற ஒரு சாஃப்ட்வேருக்கு நூறு ரூபாய் தரமாட்டாங்க. வடசென்னையில் கேக்கவே வேணாம். ஜனங்களுக்கு இலவசமா விட்டுட்டு மண்டபம், சமையல், போட்டோகிராபர்னு எல்லார்கிட்டயும் கமிஷன் வாங்குங்க. உலகம் பூரா இந்த வியாபாரம் அப்படித்தான் ஓடுது. மாசம் 299ன்னு நீங்க போட்டிருக்கிற விலை ஒரு சீசன்கூட தாங்காது.

டூல் செய்தவரின் பதில், 13 ஜூலை 2025, இரவு 10.40

299 தாங்காது என்பதை மறுக்க என்னிடம் இன்னும் ஆதாரம் இல்லை. கமிஷன் விஷயத்தில் மட்டும் ஒத்துப்போக முடியாது.

மணமக்களுக்கு இலவசமாக விட்டுவிட்டு வியாபாரிகளிடம் காசு வாங்குவது பல இடத்தில் நடப்பதுதான். அமெரிக்காவில் 1996இல் தொடங்கிய தி நாட் என்ற கல்யாணத் தளம், மண்டபம் தேட மணமக்களிடம் காசு கேட்பதில்லை. மண்டபக்காரரும் போட்டோகிராபரும் தங்கள் பெயர் மேலே தெரிய வேண்டும் என்று கட்டும் பணம் அதற்குப் பெரிய வருமானம். மண்டபம் தேடிக் கொடுக்கும் தளத்துக்கு அது பொருந்தும். எங்கள் டூல் எதையும் தேடிக் கொடுக்காது. மண்டபம் பேசி முடித்த பிறகுதான் அதற்கு வேலையே. யாருக்கு எவ்வளவு அட்வான்ஸ் கொடுத்தோம், பாக்கி எவ்வளவு, எத்தனை இலை பேசினோம், எத்தனை இலை விழுந்தது, மொய் எவ்வளவு வந்தது என்று எழுதி வைக்கும் நோட்டு அது.

2019இல் என் தங்கை கல்யாணம். அப்பா இல்லை, பொறுப்பு முழுக்க என் தலையில். அதற்கு முன் பதினோரு வருஷம் துறைமுகம் பக்கம் ஒரு கிளியரிங் ஆபீசில் கணக்குதான் எழுதிக்கொண்டிருந்தேன். ஒரு கன்டெய்னருக்கு எத்தனை ரசீது, எந்த ரசீது வரவில்லை என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். அந்த நான்தான் மண்டபத்துக்கு 25,000 ரூபாயை ரொக்கமாகக் கொடுத்துவிட்டு, ஒரு விசிட்டிங் கார்டின் பின்னால் எழுதித் தந்ததை வாங்கிக்கொண்டு வந்தேன். கல்யாணம் முடிந்து பெட்டி கட்டும் நேரத்தில் பில் வந்தது. ஜெனரேட்டர் ஆறு மணி நேரம் ஓடியதாக டீசல் கணக்கு. கரண்ட் போனது மிஞ்சிப்போனால் இரண்டு மணி நேரம். "உள்ளே வரும்போது மீட்டர் ரீடிங் எடுத்தீங்களாம்மா?" என்று கேட்டார் மேனேஜர். எடுக்கவில்லை. வாசலில் வேன் ஹாரன் அடிக்கிறது, தங்கை அழுதுகொண்டிருக்கிறாள், சொன்ன காசைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அந்த மேனேஜரிடம் கமிஷன் வாங்கிக்கொண்டு, இன்னொரு வீட்டுப் பெண்ணிடம் "மீட்டரை போட்டோ எடுத்து வையுங்க" என்று என் டூல் எப்படிச் சொல்லும்?

14 ஜூலை 2025

நேற்று கோபத்தில் எழுதியதில் விட்டுப்போன ஒன்று. மண்டபக்காரர் எல்லோரும் அப்படி என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். தண்டையார்பேட்டையில் எங்கள் தெருமுனை மண்டபத்தில் சாவி கொடுக்கும்போதே மீட்டர் பக்கத்தில் நம்மை நிற்க வைத்து, எண்ணைப் பார்த்துக் கையெழுத்துப் போடச் சொல்வார்கள். கணக்கு சுத்தமாக இருந்தால் அவர்களுக்கும் நிம்மதி.

இன்னொன்று. நானும் என் தம்பியும் (சித்தி பையன்) சேர்ந்துதான் இதைச் செய்கிறோம். கோடு எழுதுவது அவன். விலை, பேச்சு, கணக்கு என்னுடையது. விலையில் தப்பு என்றால் என்னைத் திட்டுங்கள்.

20 ஜூலை 2025

ஆடி பிறந்து நாலு நாள்.

மாசக் கட்டணம் தப்பு என்று ஒத்துக்கொள்கிறேன். உங்கள் காரணத்துக்காக இல்லை, பஞ்சாங்கத்துக்காக. வைகாசியிலும் ஆனியிலும் சேர்ந்தவர்கள் கல்யாணம் முடிந்த மறுநாளே நிறுத்திவிட்டார்கள். நிறுத்தத்தானே செய்வார்கள்? கல்யாணம் முடிந்துவிட்டது. மாசா மாசம் காசு வாங்கும் கம்பெனிகள் வாடிக்கையாளர் போய்விடுவாரோ என்று பயப்படும். எங்களிடம் வேலை நல்லபடியாக முடிந்தாலே போய்விடுவார். இப்போது ஆடி, அடுத்து புரட்டாசி, அதற்கப்புறம் மார்கழி. வருஷத்தில் மூன்று மாசம் தேதி குறிக்க மாட்டார்கள்.

இன்னொரு கெடுதலும் உண்டு. நிச்சயம் ஆவணியில், கல்யாணம் தையில் என்றால் நடுவில் ஐந்து மாசம். மாசம் 299 என்றால் கிட்டத்தட்ட 1,500 ஆகிறது. அதைத் தவிர்க்க, கடைசி மாசம் சேர்ந்தால் போதும் என்று காத்திருக்கிறார்கள். அட்வான்ஸ் எல்லாம் கைமாறுவது முதல் மாசத்தில். கணக்கு தேவைப்படும் நேரத்தில் நம் விலையே அவர்களை வெளியே நிறுத்துகிறது. என் விலைதான் என் பொருளைக் கெடுத்தது.

ஆக, ஒரு கல்யாணத்துக்கு ஒரே கட்டணம். எவ்வளவு என்று இன்னும் தெரியவில்லை.

21 ஜூலை 2025

மண்ணடியில் இருந்து ஒரு தோழி போன் பண்ணி உரிமையோடு திட்டினாள். "ஆடியில கல்யாணம் கிடையாதுன்னு எழுதியிருக்க. எங்க வீட்ல அடுத்த வாரம் நிக்காஹ். நாங்க கல்யாணம் பண்றது உன் கண்ணுக்குத் தெரியலையா?"

அவள் சொன்னது நியாயம். ராயபுரம், காசிமேடு பக்கம் கிறிஸ்தவர்கள் வேறு. அவர்களுக்குத் தவக்காலம்தான் இடைவெளி. வடசென்னைக்கு என்று சொல்லிவிட்டு ஒரே பஞ்சாங்கத்தை வைத்து மூன்று மாசத்தை அடித்தது என் தப்பு. மேலே எழுதியதை அழிக்கவில்லை, இதோடு சேர்த்துப் படியுங்கள்.

3 ஆகஸ்ட் 2025

விலை கண்டுபிடிக்க ஒரு முறை உண்டு. பீட்டர் வான் வெஸ்டென்டார்ப் என்ற டச்சுக்காரர் 1976இல் கொண்டுவந்தது. நாலே கேள்வி. எவ்வளவு என்றால் வாங்கவே மாட்டீர்கள்? எவ்வளவு என்றால் இவ்வளவு மலிவா, ஏதோ கோளாறு என்று தோன்றும்? எவ்வளவு என்றால் கொஞ்சம் அதிகம், ஆனாலும் யோசிப்பீர்கள்? எவ்வளவு என்றால் லாபம் என்று உடனே வாங்குவீர்கள்? பதில்களைக் கோடாகப் போட்டால், கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடங்களுக்கு நடுவில் விலை இருக்கும்.

கொருக்குப்பேட்டையில் ஒரு சொந்தக்காரர் வீட்டு மஞ்சள் நீராட்டு விழாவுக்குப் போன இடத்தில் கேட்டேன். சித்தப்பா, பெரியம்மா, மாமா, எல்லோருமே பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து முடித்தவர்கள். முதல் கேள்வியிலேயே பெரியம்மா, "நோட்டு நாப்பது ரூவா. அதுக்கு மேல எதுக்கும்மா?" என்று முடித்துவிட்டார். மற்றவர்களும் அந்த நாற்பதிலேயே நின்றார்கள். கோடு போட ஒன்றுமே கிடைக்கவில்லை.

அப்புறம் கேள்வியை மாற்றினேன். "உங்க பொண்ணு கல்யாணத்துல, எங்க போச்சுன்னே தெரியாம போன பணம் எவ்ளோ இருக்கும்?" அவ்வளவுதான், ஆளுக்கொரு தொகை. பூக்காரருக்கு இரண்டு தடவை பாக்கி கொடுத்த கதை, சமையல்காரர் சொன்ன இலைக் கணக்கு, மைத்துனர் கையில் கொடுத்த 15,000க்கு இன்று வரை கணக்கு வராதது. சித்தப்பா 2011இல் போன 9,000 ரூபாயை நேற்று போனது போலச் சொன்னார்.

நோட்டோடு ஒப்பிட்டால் நம் விலை நாற்பது ரூபாயைத் தாண்டாது. தொலைந்த பணத்தோடு ஒப்பிட்டால் ஆயிரம்கூடக் கேட்கலாம். எதன் பக்கத்தில் வைத்துச் சொல்கிறோம் என்பதில் இருக்கிறது.

3 ஆகஸ்ட் 2025, இரவு

ஒரு எச்சரிக்கை. தொலைந்ததாகச் சொல்லும் தொகையை அப்படியே நம்பி விளம்பரத்தில் போட மாட்டேன். வருஷம் ஆக ஆக அது வளரும். சித்தியிடம் தனியாகக் கேட்டேன், சித்தப்பாவின் 9,000 உண்மையில் 6,000 தானாம்.

31 ஆகஸ்ட் 2025

இந்த வாரம் ஆவணிக் கல்யாணம் ஒன்றில் எங்கள் டூலோடு நேரில் நின்றேன். திருவொற்றியூர். வடிவுடையம்மன் கோயிலில் தாலி கட்டு, முந்தின நாள் ரிசப்ஷன் மண்டபத்தில். பெண்ணின் அண்ணன்தான் எங்கள் வாடிக்கையாளர். எண்ணூர் பக்கம் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. லீவே மூன்று நாள்தான் கிடைத்தது.

சாப்பாட்டுக் கூடத்தில் ஆறு வரிசை, வரிசைக்கு இருபது பேர். ஒரு பந்திக்கு 120 இலை. இலை 220 ரூபாய் என்று பேச்சு. குறைந்தபட்சம் 400 இலைக்குக் காசு உறுதி, அதற்கு மேல் விழுகிற இலையை எண்ணித் தர வேண்டும். மூன்று பந்தி நிரம்பி உட்கார்ந்தார்கள். நாலாவது பந்தியில் கூட்டம் குறைந்துவிட்டது.

நான் வாசல் பக்கம் சுவரோரம் நின்று வரிசை வரிசையாக எண்ணிப் போனில் தட்டினேன். இரண்டாவது பந்தியில் ரசம் வாளி என் முழங்கையில் இடித்து ஸ்கிரீன் முழுக்க ரசம். ஈர விரலுக்குப் பட்டன் வேலை செய்யவில்லை. பட்டன் அகலம் ஒரு புளியங்கொட்டை அளவு, அதை வீட்டில் சோபாவில் உட்கார்ந்து வடிவமைத்தோம். எனக்குப் பக்கத்தில் பெண்ணின் பெரியப்பா, பத்திரிகைக் கவரின் பின்பக்கம் நாலு கோடு போட்டுக் குறுக்கே ஒன்று இழுத்து எண்ணிக்கொண்டிருந்தார். கடைசியில் என் கணக்கு 424, அவர் கணக்கு 427. உட்கார்ந்து மறுபடி பார்த்தோம். அவர்தான் சரி. நாலாவது பந்தி ஓரத்தில் தனியாகப் போட்ட மேஜையில் மேளக்காரர்கள் மூன்று பேர் சாப்பிட்டதை நான் பார்க்கவில்லை.

சமையல் கான்ட்ராக்டர் சொன்னது 480. நாலு பந்தி, நாலு நூற்றிருபது. 53 இலை வித்தியாசம், 220ஆல் பெருக்கினால் 11,660 ரூபாய். பந்தி வாரியாக நேரத்தோடு இருந்த கணக்கைக் காட்டினோம். சத்தமே வரவில்லை. இதற்கு முன்னால் நான் பார்த்த இலைத் தகராறுகளில் குறைந்தது ஒரு சொம்பாவது உருண்டிருக்கிறது.

பட்டனை இப்போது பாதி ஸ்கிரீனுக்கு மாற்றியாகிவிட்டது.

1 செப்டம்பர் 2025

நேற்று எழுதியதைப் படித்தால் 11,660 மிச்சமானது போலத் தெரிகிறது. அது சரியில்லை.

அந்த 53 இலையில் 31 இலை, ஆள் வருவார்கள் என்று முன்கூட்டியே போட்டு, இனிப்பும் கூட்டும் பொரியலும் வைத்துவிட்ட இலை. ஆள் வராமல் அப்படியே சுருட்டிப் போட்டார்கள். பரிமாறியவருக்கு அது செலவுதான். கான்ட்ராக்டர் அதைப் பொறுமையாக எடுத்துச் சொன்னார், பெண்ணின் அண்ணன் ஒத்துக்கொண்டார். 458 இலைக்குக் காசு கொடுத்தார்கள். ஆக, மிச்சமானது 22 இலை, 4,840 ரூபாய்.

இதிலிருந்து டூலில் ஒரு மாற்றம். "உட்கார்ந்தது", "போட்டு எடுத்தது" என்று இரண்டு எண். ஒவ்வொரு பந்தி முடிந்ததும் இரண்டு தரப்பும் போனில் சரி என்று தட்ட வேண்டும். நள்ளிரவில் பாத்திரம் கழுவும்போது மொத்தமாகச் சண்டை போடுவதற்கு இது எவ்வளவோ மேல்.

7 செப்டம்பர் 2025

கமிஷனைப் பற்றி மறுபடி. எனக்கே ஆட்டம் கண்டுவிட்டது, மறைக்க விரும்பவில்லை.

அதே கான்ட்ராக்டர் போன் செய்தார். "உங்க ஆளுங்க கல்யாணம் எனக்கு வந்தா இலைக்கு மூணு ரூபா உங்களுக்கு" என்றார். 500 இலைக் கல்யாணம் என்றால் 1,500. வீட்டுக்காரரிடம் நான் கேட்க நினைக்கும் விலையைவிட அதிகம், அதுவும் கேட்காமலே வருகிற காசு. இரண்டு நாள் தூங்கவில்லை. வாசகரே, நீங்கள் சொன்ன வழியில் வருமானம் இருக்கிறது என்று எனக்கும் தெரிகிறது.

ஆனால் அந்த மூன்று ரூபாயை வாங்கினால் ஒவ்வொரு இலையும் எனக்கு வருமானம். இலை கூடினால் எனக்கு லாபம். அந்த நிலையில் நான் 427 என்று சொன்னால் பெண்ணின் அண்ணன் ஏன் நம்ப வேண்டும்? நானே என்னை நம்புவேனா? மறுநாள் காலை முடியாது என்று சொல்லிவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை. "அப்போ எனக்கே அந்த டூலைக் குடுங்க" என்றார். அவர் வருஷத்துக்கு எழுபது எண்பது கல்யாணம் செய்கிறவர். ஒரு வீட்டில் மிச்சம் எவ்வளவு, இன்னொரு வீட்டில் அட்வான்ஸ் எவ்வளவு என்று நாலு நோட்டில் எழுதி, அதில் ஒன்று டெம்போவிலேயே கிடக்கிறது. திரும்பத் திரும்ப வரும் வாடிக்கையாளரை நான் மணமக்களிடம் தேடிக்கொண்டிருந்தேன். அவர் இத்தனை நாளாக அடுப்படியில் நின்றுகொண்டிருந்தார்.

கான்ட்ராக்டருக்கு வருஷக் கட்டணம், வீட்டுக்காரருக்கு ஒரே கட்டணம். இலைக்கு இவ்வளவு என்று யாரிடமும் கிடையாது. கணக்கு ஒன்றே, இரண்டு பேர் போனிலும் ஒரே எண்தான் தெரியும். யார் காசு கட்டினாலும் எண் மாறாது.

18 செப்டம்பர் 2025

எங்கள் முதல் பக்கத்தைப் பற்றி நாலு பேர் கேட்டிருந்தீர்கள்.

முதலில் போட்டது ரோஜா நிறப் பின்னணி, கடற்கரையில் கைகோத்து நடக்கும் ஜோடி, "உங்கள் கனவுத் திருமணத்தைத் திட்டமிடுங்கள்". தம்பி ஆசையாகச் செய்தது. அதைப் பார்த்துவிட்டு வந்த போன்கள் எல்லாம் ஒரே மாதிரி: "ஸ்டேஜ் டெகரேஷன் என்ன ரேட்?" பிளானர் என்றாலே கிழக்குக் கடற்கரைச் சாலை ரிசார்ட்டில் பூப்பந்தல் போடுகிறவர் என்றுதான் நம் ஊரில் அர்த்தம் ஆகியிருக்கிறது. இது தனக்கு இல்லை என்று வியாசர்பாடிக்காரர் பக்கத்தை மூடிவிடுகிறார்.

எங்களிடம் காசு கட்டியவர்களை உட்கார்ந்து எண்ணினேன். மாப்பிள்ளையோ பெண்ணோ யாருமே இல்லை. அண்ணன், தாய்மாமன், அக்கா, ஒரு வீட்டில் பெண்ணின் தோழி. சட்டைப் பையில் நோட்டுக் கட்டும் ரப்பர் பேண்டுமாக அலைகிற ஆள். தாலி கட்டும் நேரத்தில் டீசல் வாங்க ஓடுகிற ஆள். அவருக்குக் கடற்கரை ஜோடி எதற்கு?

இப்போது முதல் பக்கத்தில் ஒரே வரி: "கல்யாணப் பொறுப்பு உங்க தலையிலயா? கணக்கை எங்ககிட்ட விடுங்க." கீழே மீட்டர் போட்டோ ஒன்று. டெகரேஷன் போன் நின்றுவிட்டது.

இலவசப் பகுதியையும் மாற்றினோம். முதலில் ஐம்பது விருந்தினர் வரை இலவசம் என்று வைத்திருந்தோம். ஐம்பது பேரில் எந்தக் கல்யாணம் நடக்கிறது இங்கே? அது வெறும் சுவை காட்டல். இப்போது மண்டபம் பேசும்போது கேட்க வேண்டியவை முழுக்க இலவசம். வாடகை எந்த மணியிலிருந்து எந்த மணி வரை, கரண்ட் யூனிட்டுக்கு எவ்வளவு, ஜெனரேட்டர் மணிக்கு எவ்வளவு, துப்புரவுக் கட்டணம், வெளிச் சமையல் அனுமதி உண்டா, சொன்ன வாடகையில் 18 சதவீத ஜிஎஸ்டி உள்ளேயா வெளியேயா. கடைசிக் கேள்வி ஒன்றே பலருக்குப் பல ஆயிரம். எங்களுக்குக் காசு கட்டாவிட்டாலும் இதை எடுத்துக்கொண்டு போங்கள்.

19 செப்டம்பர் 2025

மண்ணடித் தோழி மறுபடி. "இலை இலைன்னே எழுதுற. எங்க வீட்ல இலையே கிடையாது." நிக்காஹ் விருந்தில் பிரியாணி, அரிசி எத்தனை கிலோ, கறி எத்தனை கிலோ என்று தேக்சா (பெரிய சமையல் பாத்திரம்) கணக்கு. ஆள் எண்ண மாட்டார்கள், தேக்சா எண்ணுவார்கள். காசிமேட்டில் ஒருவர் சொன்னது வேறு: சர்ச்சில் மூன்று ஞாயிறு ஓலை (கல்யாண அறிவிப்பு) வாசித்த பிறகுதான் கல்யாணம், அந்த மூன்று வாரத்தில்தான் செலவெல்லாம் குவியும், அதனால் வாரக் கணக்காகக் காட்டுங்கள் என்று.

இரண்டையும் சேர்க்கிறோம். இதற்குத் தனி விலை கிடையாது. "கிலோ கணக்கு வேண்டுமா, கூடுதலாகக் கட்டுங்கள்" என்று சொன்னால், அவர்கள் கல்யாணம் எங்களுக்கு அப்புறம்தான் என்று சொன்னதாக ஆகிவிடும்.

12 அக்டோபர் 2025

விலை முடிவாகிவிட்டது. 1,001 ரூபாய். ஒரு கல்யாணம், ஒரே தடவை, கணக்கு முடியும் வரை.

தம்பி 999 என்றான். அவன் படித்த இடத்தில் எல்லாம் ஒன்பதில்தான் முடிகிறது. பக்கத்தில் உட்கார்ந்து பூ கட்டிக்கொண்டிருந்த அத்தை, "செருப்புக் கடையில போடற வெல. கல்யாண வீட்ல ஒரு ரூவா கொறைச்சா வாங்குவாங்க? சேத்துதான்டா வெப்பாங்க" என்றார். மொய் 101, 501, 1,001 என்றுதானே வைக்கிறோம். 999 என்று ஒருவரிடம் சொன்னபோது "எழுநூறுக்குப் போடுங்க" என்றார். 1,001 என்று சொல்ல ஆரம்பித்த பிறகு ஒருவரும் அந்த ஒரு ரூபாயைத் தொடவில்லை. வாசலில் ஒட்டும் கியூஆரில் கட்டுகிறார்கள். யுபிஐக்கு 2020 ஜனவரியிலிருந்து வணிகர் கட்டணம் கிடையாது என்பதால் முழுசாக வருகிறது.

முழுசாக வருவது இப்போதைக்குத்தான். சேவைக்கு வருஷ வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். அதாவது ஏறக்குறைய 2,000 கல்யாணம். அதற்கப்புறம் 1,001க்குள்ளேயே 18 சதவீதம் போனால் கையில் நிற்பது 848 ரூபாய் 31 பைசா. அந்த நாளுக்காக இப்போதே 848ஐ வைத்துத்தான் கணக்குப் போடுகிறேன். பின்னால் விலையை 1,181 ஆக்கினால் அத்தை மன்னிக்க மாட்டார்.

வாட்ஸ்அப்பில் பத்திரிகையை நீங்களே அனுப்பலாமே என்று கேட்டவருக்கு: மெட்டா 2025 ஜூலையிலிருந்து வணிகக் கணக்கில் அனுப்பும் செய்திக்கு எண்ணிக் காசு வாங்குகிறது. ஆயிரம் பேருக்கு மூன்று தடவை என்றால் நம் 1,001 அங்கேயே கரைந்துவிடும். காசை விடுங்கள். யாரோ முன்பின் தெரியாத நம்பரிலிருந்து பத்திரிகை வந்தால் "கூப்பிட்டாங்களா, இல்ல விளம்பரமா?" என்று கேட்கிற ஊர் இது. செய்தியை டூல் எழுதித் தரும், அனுப்புவது உங்கள் போனிலிருந்துதான்.

9 நவம்பர் 2025

மொய். இதைப் பற்றிக் கடைசியாக எழுதலாம் என்று இருந்தேன், இதுதான் எல்லாவற்றையும் மாற்றிவிட்டது.

ஐப்பசிக் கல்யாணம் ஒன்று, பழைய வண்ணாரப்பேட்டை. மறுநாள் சாயங்காலம் அவர்கள் வீட்டில் பாய் விரித்துக் கவர் பிரித்தார்கள். ஒருவர் பிரிக்க, ஒருவர் பெயர் படிக்க, நான் டூலில் ஏற்ற. பெயர் இல்லாத கவர் பதினாலு. அதில் ஒரு கவரில் 5,001. "இது யாரோட கையெழுத்து?" என்று பாட்டி வரைக்கும் கவரைச் சுற்றி விட்டார்கள். பாட்டி மோந்து பார்த்துவிட்டு, "ஜவ்வாது. எங்க அண்ணன் மவன்தான்" என்றார். போன் போட்டுக் கேட்டால் அவரேதான்.

எல்லாம் ஏற்றி முடித்ததும் போனில் மொத்தத்தைக் காட்டினேன். சந்தோஷப்பட்டார்கள். பிறகு அந்த வீட்டம்மா கேட்டார்: "இந்த போன் போயிடுச்சுன்னா?" பீரோவைத் திறந்து மஞ்சள் துணியில் சுற்றிய ஒரு நோட்டை எடுத்துக் காட்டினார். 1987, அவர் கல்யாணத்து மொய் நோட்டு. நீல மை வெளுத்துப்போய், ஓரம் செல்லரித்து, ஆனால் ஒவ்வொரு வரியும் படிக்க முடிகிறது. திருப்பி வைத்த வரிகளுக்குப் பக்கத்தில் சிவப்பில் ஒரு டிக். இன்னும் டிக் விழாத வரிகள் இருக்கின்றன. "இவங்க வீட்டுப் பேரனுக்கு வர்ற தையில கல்யாணம்" என்று ஒரு வரியைத் தொட்டுக் காட்டினார்.

முப்பத்தெட்டு வருஷம். எங்கள் சர்வர் அத்தனை வருஷம் இருக்கும் என்று அந்த அம்மாவிடம் எந்த வாயால் சொல்வது?

10 நவம்பர் 2025

தம்பியோடு ராத்திரி முழுக்கப் பேச்சு. விருந்தினர் போன் நம்பர் எல்லாம் நம்மிடம் கிடக்கிறது. 2023இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. வேலை முடிந்த பிறகு அடுத்தவர் நம்பரை வைத்திருக்க நமக்கு என்ன உரிமை? அதை அழித்தாக வேண்டும். மொய்யோ தலைமுறைக்கு இருக்க வேண்டும். இரண்டையும் ஒரே பெட்டியில் வைத்ததுதான் தப்பு.

முடிவு: கணக்கு முடிந்து தொண்ணூறாம் நாள் நம்பர்கள் அழியும். மொய்க் கணக்கு அச்சடித்து, தைத்து, கெட்டி அட்டை போட்ட நோட்டாக வீட்டுக்கு வரும். அழிவதற்கு முன் மூன்று தடவை சொல்லுவோம்.

ஆண்டர்சன் தெருவில் நாலு கடை ஏறி இறங்கினேன். நல்ல லெட்ஜர் தாள், துணி பைண்டிங், ஒரு நோட்டுக்கு 180 ரூபாய் ஆகிறது. மூலையில் மஞ்சள் தடவினால் ஊறாத தாள்தானா என்று கடைக்காரர் முன்னாலேயே தடவிப் பார்த்து வாங்கினேன். டிக் போட ஓரத்தில் ஒரு சின்னக் கட்டம் விட்டிருக்கிறோம்.

இந்த 180 அந்த 1,001க்குள்ளேயே.

30 நவம்பர் 2025

முதல் வாசகர் கேட்டிருக்கிறார், காசு கொடுக்கிறார்களா இல்லையா என்று. நேராகச் சொல்கிறேன். ஐப்பசி, கார்த்திகை சேர்த்து இருபத்தாறு வீடு, மூன்று கான்ட்ராக்டர். தம்பி வேலையை விட்டுவிட்டு வரும் அளவுக்கு இல்லை. இரண்டு வீட்டுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன், ஒன்றில் நிச்சயம் நின்றுபோனது. அந்தக் காசை வைத்துக்கொள்ளக் கை வரவில்லை. இனி விலைப் பக்கத்திலேயே எழுதிவிட்டோம்: கல்யாணம் நடக்காவிட்டால் முழுப் பணமும் வாபஸ், காரணம் கேட்க மாட்டோம்.

போனில் விலை கேட்கிறவர்களிடம் இப்போது டூலைப் பற்றி முதலில் பேசுவதில்லை. நோட்டைப் பற்றிச் சொல்கிறேன். கையில் பிடிக்க ஒரு பொருள் வரும் என்றால் 1,001 உடனே புரிகிறது. இலைக் கணக்கும் மீட்டர் போட்டோவும் அதற்கப்புறம்.

2 டிசம்பர் 2025

பழைய வண்ணாரப்பேட்டை வீட்டுக்கு நோட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்த அம்மா நாலு மூலையிலும் மஞ்சள் வைத்து, குங்குமம் வைத்து, 1987 நோட்டுக்குப் பக்கத்தில் பீரோவில் வைத்தார். அச்சு மையும் அந்த மஞ்சளும் கலக்கவில்லை, நன்றாகப் பார்த்தேன்.

கிளம்பும்போது மாப்பிள்ளை வீட்டுக்கும் ஒரு காப்பி கிடைக்குமா என்று கேட்டார். இரண்டாவது காப்பிக்கு நான் விலையே யோசித்து வைக்கவில்லை. 251 என்றேன். 501 கொடுத்து, "அவங்களுக்கும் ஒண்ணு, பொண்ணு தனிக்குடித்தனம் போறப்போ அவளுக்கும் ஒண்ணு" என்றார். ஒரு ரூபாய் பாக்கியை அடுத்த நோட்டு கொடுக்கும்போது வாங்கிக்கொள்வேன்.